வெளியாள் என்றால் யார்

வருடக் கடைசியில் எங்கள் டயாலிசிஸ் நிலையத்தில் எல்லோரும் விடுமுறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பேன். நோயாளிகளின் விவரங்களை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று எங்களோடு தொழில் செய்கிறவர்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துப் புதுப்பிக்கிற வேலை என்னுடையது. ரத்தப் பரிசோதனைக் கூடம், எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பினாங்குக் கம்பெனி, பழைய கோப்புகளை எடுத்துப்போய் அரைத்துத் தள்ளுகிறவர், காலையில் பசியாறக் கொண்டுவரும் அம்மாள், நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேன்காரர். இத்தனை பேருக்கும் எங்கள் நோயாளிகளைப் பற்றி ஏதாவது ஒன்று தெரியும். பசியாறக் கொண்டுவரும் அம்மாளுக்குக்கூட, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சீனி ஆகாது என்பது தெரியும்.

இந்த விஷயத்தில் நான் கறாரானவள். எனக்குப் பின்னால் தாதிகள் என்னைப் ‘பூட்டக்கா’ என்று கூப்பிடுவது என் காதுக்கும் வந்திருக்கிறது. வந்தால் வரட்டும். பீடோங் சின்ன ஊர். காலையில் ஒருவர் கழுத்தில் டயாலிசிஸ் குழாயோடு பஸ் ஏறினால், மத்தியானத்துக்குள் பாசாரில் மீன் வாங்குகிறவர்கள் அவருக்கு நாள் குறித்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடுதான் குறிப்பார்கள். அந்த நல்ல எண்ணத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

இதில் யாருடைய பெயரும் வராது. ஊரிலும் வேலையிலும் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். நடந்ததை மாற்றவில்லை.

வேன் ஓட்டுகிறவரை நாங்கள் எல்லோரும் வேன் அண்ணன் என்போம். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். பல வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்து பிள்ளைகளும் குறைந்தபோது, அதே வேனை எங்கள் நோயாளிகளுக்காக ஓட்ட வந்தார். வாரத்தில் மூன்று முறை, உட்புறத்தில் இருக்கிற தோட்டத்து வீடுகளிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் அவர்களை ஏற்றிவந்து, சிகிச்சை முடிந்ததும் கொண்டுபோய் விடுவார். அவரை விட்டால் அந்தப் பக்கம் வர வேறு ஆள் இல்லை. நடக்க முடியாதவரைத் தோளில் சாய்த்து அழைத்துப் போவார். வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் கழுவிவிடுவார். ஒரே குறை, வாய் ஓயாது. பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினால்கூட இரண்டு பேரிடம் குசலம் விசாரிக்காமல் வர மாட்டார்.

மற்ற கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தை அனுப்பினால் கையெழுத்தோடும் முத்திரையோடும் அன்றே திரும்பி வந்துவிடும். யாரும் ஒரு வரி படித்திருக்க மாட்டார்கள். வேன் அண்ணன் மட்டும் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மலாயில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படிப்பார். முதல் வருடம் ஓரிடத்தில் விரல் நின்றது.

“பிஹாக் கெத்திகான்னு போட்டிருக்கே, யாரும்மா அது?”

“மூன்றாம் தரப்பு அண்ணே.”

“அதான் யாரு? நீங்க ஒரு ஆளு, நான் ஒரு ஆளு. மூணாவது ஆளு நோயாளியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. நோயாளி இல்லை, நோயாளிக்கும் நமக்கும் சம்பந்தமில்லாத மற்றவர்கள் என்று விளக்கினேன். அவர் விரலை எடுத்தார்.

“அப்ப வெளியாள்கிட்ட சொல்லக்கூடாது. அவ்வளவுதானே?”

“ஆமா அண்ணே, அவ்வளவுதான்.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்கும் அது நல்ல சொல்லாகவே பட்டது. சட்டக்காரர்கள் அரைப் பக்கத்தில் சொன்னதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று நினைத்தேன்.

அவள் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. முப்பத்தைந்து வயதிருக்கும். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இல்லை. ஒரே தம்பி, பெண்டாங்கில் லோரி ஓட்டுகிறான், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு. பதிவு செய்த அன்று, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணைக் கொடுத்தாள். தம்பி இருக்கும்போது ஏன் பக்கத்து வீடு என்று கேட்டேன்.

“அவனுக்குத் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா அன்னைக்கே கிட்னியைத் தூக்கிக் குடுத்துருவான்.”

கொடுத்தால் நல்லதுதானே என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

“அவன் மூட்டை ஏத்துறவன். அவனுக்கு ஒண்ணுன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா? எங்கம்மா போகும்போது அவனை என் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. குடுத்ததுல இருந்து நான் பாதியை எடுத்துக்கிறதா?”

பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணையே எழுதிக்கொண்டேன். சிறுநீரகம் கொடுத்துவிட்டு நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டரே அவளிடம் பிறகு எடுத்துச் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், மாறவில்லை. அது அவளுடைய உடம்பு, அவளுடைய தம்பி. அதைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை என்று நான் உறுதியாக நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன், ஆனால் அன்றைக்கு இருந்த தைரியம் இப்போது இல்லை.

கழுத்தோரம் போட்டிருந்த குழாயைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு பெண்டாங்குக்குப் போய் வருவாள். வேலையில் ஷிப்டு மாறிவிட்டது, ஓவர்டைம் என்று சொல்லிவைத்திருந்தாள். தம்பி நம்பினான். அக்காவைச் சந்தேகப்பட அவனுக்கு என்ன காரணம் இருந்தது?

பீடோங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தத் தம்பியும் வேன் அண்ணனும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். தெரியாதவர்கள் இல்லை. சின்ன வயதில் அக்காவையும் தம்பியையும் ஆரம்பப் பள்ளிக்கு ஏற்றிப்போனவரே வேன் அண்ணன்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கறையோடு, இப்படிச் சொல்லியிருக்கிறார்:

“தம்பி, அக்காவைக் கொஞ்சம் பார்த்துக்கப்பா. இந்த வாரம் ரொம்ப அசந்து போச்சு. மெஷினை விட்டு எறங்குனா வேன்லயே தூங்கிருது.”

“எந்த மெஷின் அண்ணே?” என்று அவன் கேட்டான்.

அவ்வளவுதான். மறுநாள் காலையில் தம்பி எங்கள் வாசலில் நின்றான். நான் யார் என்ன என்று விசாரித்துவிட்டு, அப்படி ஒருவர் இங்கே சிகிச்சை பெறுகிறாரா இல்லையா என்பதைக்கூட நான் சொல்ல முடியாது என்று சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே செருப்பு வைக்கிற தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் பச்சை வார் வைத்த ஒரு ஜோடி இருந்தது.

“தீபாவளிக்கு நான் வாங்கிக் குடுத்தது” என்றான்.

பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, “என் ரத்தத்தை எடுத்துப் பாருங்க மிசி” என்றான். நான் தாதி இல்லை என்றேன். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை.

சிகிச்சை முடிந்து அவள் வெளியே வந்தபோது அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைத் திட்டினாள். அவன் அழுதான். அத்தனை பேர் முன்னால், கனத்த உடம்போடு ஒரு லோரி ஓட்டுநர் அப்படி அழுவதை நாங்கள் யாரும் பார்க்க விரும்பவில்லை. நோயாளிகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தாள். அது சும்மா சொன்னது என்று எனக்குத் தெரியும்.

“முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தா, அக்கா பசிக்குதுன்னுதான் வருவான். இனிமே என்னைப் பார்த்தா கிட்னியைத் தவிர அவனுக்கு வேற எதுவும் தோணாதுல்லக்கா” என்று என்னிடம் சொன்னாள். அவள் அழவில்லை.

வேன் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கதவைச் சாத்தினேன். என் கோபம் எனக்கே புதிதாக இருந்தது. ஒப்பந்தத்தை எடுத்து அவர் முன்னால் போட்டு, இது யாருடைய கையெழுத்து என்று கேட்டேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

“வெளியாள்கிட்டதானே சொல்லக் கூடாதுன்னீங்க?”

“ஆமா.”

“அவன் தம்பிம்மா.”

அவர் சமாளிக்கவில்லை. தப்பு செய்துவிட்டு வார்த்தையில் புகுந்துகொள்கிறவரும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம் அவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். பெற்றோல் நிலையத்தில் எத்தனை பேரோடு பேசினாலும் நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை சிந்தியதில்லை. அவர் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றித்தான் வந்தார். ஆனால் எங்கள் ஆட்களில் எவனை வெளியாள் என்பது? மாமன் வெளியாளா? மச்சான் வெளியாளா? ஒரு வயிற்றில் பிறந்தவனை வெளியாள் என்று சொன்னால் அதைச் சண்டைக்கு இழுப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மலாயில் எழுதிய சட்டக்காரருக்கு அது தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நோயாளி புகார் கொடுத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. வருட முடிவும் நெருங்கியிருந்தது. அவள் சிகிச்சையில் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, புகார் கொடுக்கிறாயா என்று கேட்டேன். கொடுத்தால் வேனை நிறுத்திவிடுவேன் என்பதையும் மறைக்கவில்லை. உள்ளுக்குள் அவள் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

“வேனை நிறுத்தினா உள்ள தோட்டத்துல இருக்கிற தாத்தாவெல்லாம் எப்படிக்கா வருவாங்க? வேணாம். ஆனா தெளிவா எழுதிக்கங்க. தம்பியும்னு எழுதுங்க. இனிமே நான் எப்படி இருக்கேன்னு அவனுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது.”

அப்படித்தான் அந்த வருட ஒப்பந்தத்தோடு தமிழில் ஒரு தாளை நானே எழுதிச் சேர்த்தேன். வெளியாள் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர், மாமன், மச்சான், யாராக இருந்தாலும், நோயாளியே சொல்லச் சொன்னால் ஒழிய, சொல்லக் கூடாது. வேன் அண்ணன் வழக்கம்போல விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்தும் விரலை எடுக்கவில்லை.

“இப்படி எழுதினா அப்புறம் யாரும்மா மிச்சம்?”

“நோயாளி மட்டும்தான் அண்ணே மிச்சம்.”

“பாவம்மா” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். வேனில் பேச்சு குறைந்துவிட்டதாக நோயாளிகள் குறைப்பட்டார்கள். தம்பி வாரம் தவறாமல் அவருக்குப் போன் செய்து, அக்கா இளைத்துவிட்டாளா, ஒழுங்காக வருகிறாளா என்று கேட்பான். நீ அக்காவிடமே கேட்டுக்கொள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு, சொன்னதை என்னிடம் வந்து ஒப்புவிப்பார். நான் பாராட்டினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பாராட்டுகிற மாதிரி பாராட்டினேன். நினைத்தால் இப்போது எரிகிறது.

ஒருநாள் காலையில் அவள் வேனில் நடுங்கிக்கொண்டே வந்தாள். குழாய் வழியாகக் கிருமி ஏறியிருந்தது. டாக்டர் பார்த்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் வேன் அண்ணன்தான் ஒரு தாதியோடு அவளைக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே என் காரில் போனேன். அவசரப் பிரிவில் போர்வை போர்த்திப் படுத்திருந்தாள். பற்கள் தந்தியடித்தன, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. எங்கள் இருவரையும் கிட்டே வரச் சொன்னாள்.

“தம்பிக்குச் சொல்லாதீங்க. காய்ச்சல் எறங்கட்டும், நானே சொல்றேன்.”

சரி என்றோம். வெளியே வராந்தாவுக்கு வந்து சற்று நேரம்கூட ஆகியிருக்காது, வேன் அண்ணனின் போன் அடித்தது. தம்பி. அவர் போனை என் முன்னால் நீட்டிக் காட்டினார். என்ன செய்யட்டும் என்று வாய் திறந்து கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இருந்த ஒரே எண்ணம், அவர் எதையாவது உளறிவிடக் கூடாதே என்பதுதான்.

“இல்லப்பா... நல்லாத்தான் இருக்கும். இன்னைக்கு நான் அந்தப் பக்கம் போகல தம்பி. காடி ரிப்பேரு.”

போனை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். சொல்லாமல் இருக்க நான் கற்றுக்கொடுத்திருந்தேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் புத்தகப் பையோடு தூக்கி வேனில் ஏற்றிவிட்ட பிள்ளை கேட்கும்போது, பொய் சொல்லாமல் எப்படி மறைப்பது? ‘சொல்ல எனக்கு அனுமதி இல்லை’ என்று சொல்லியிருந்தால் அதுவே சொல்லிவிட்டதாகும். அந்த நிமிஷமே அவன் லோரியைத் திருப்பியிருப்பான்.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் மாலைக்குள் ரத்தம் முழுக்கக் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட, அந்த அக்கா பதறிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் பெண்டாங்கிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுக்குச் சுவாசக் குழாய் போட்டிருந்தார்கள். அக்கா, அக்கா என்று காதருகே கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். அவள் கண் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் போய்விட்டாள்.

அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நானும் வேன் அண்ணனும் போயிருந்தோம். தப்பு மேளம் நின்று, சடங்குக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்த சமயம். தம்பி ஈர வேட்டியோடு எங்களைத் தேடி வந்தான். என்னை அவன் பார்க்கவில்லை. நேராக வேன் அண்ணன் முன்னால் போய் நின்றான்.

“அன்னைக்கு நான் போன் பண்ணப்ப உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் தம்பி.”

அவன் காத்திருந்தான். மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று நின்றான். ஒரே ஒரு வரி போதும்: உன் அக்காதான் சொல்லாதே என்றாள். அதைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஆனால் அதுவும் அவள் சொன்னதுதான். அவள் அவனுக்குத் தெரியக் கூடாது என்று வைத்துவிட்டுப் போனதில் அதுவும் ஒன்று. கடைசியில் தன்னை அழைக்க வேண்டாம் என்று அக்காவே சொன்னாள் என்பதை அவன் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டாமே. வேன் அண்ணன் பந்தலுக்குள் அவள் படுத்திருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நோயாளி இறந்த பிறகும் இது பொருந்தும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தது நான். நானும் திறக்கவில்லை.

“இனிமே என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க” என்றான் அவன்.

வேன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரிங்க” என்றார்.